திங்கட்கிழமை வயிற்று வலி

எங்கள் கூடலூர் தேனி மாவட்டத்தில் இருக்கிறது, நீலகிரிக் கூடலூர் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இரண்டு தடவை என் மருந்துப் பார்சலே ஊட்டிப் பக்கம் போய்ச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. கம்பத்திலிருந்து குமுளி போகிற சாலையில் எங்கள் ஊர். எங்களைத் தாண்டினால் லோயர் கேம்ப், அப்புறம் மலை, மலையேறி முடிந்தால் கேரளா. அந்தச் சாலையோரம் பத்தொன்பது வருஷமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன்.

மருந்துக்கடைக்காரனுக்கு ஊரின் உடம்பு அத்துப்படி. யாருக்குச் சர்க்கரை, யார் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு ஊரை ஏமாற்றுகிறார், எல்லாம் தெரியும். ஆனால் பிள்ளைகளின் வயிற்று வலி ஒன்றை மட்டும் பல வருஷம் கையிலேயே வைத்திருந்தும் நான் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வரும். கூட்டிக்கொண்டு வருவது பெரும்பாலும் அம்மா இல்லை, அம்மாச்சியோ அப்பத்தாவோ. பிள்ளை சீருடையில் நிற்கும். "எங்கப்பா வலிக்குது?" என்றால் தொப்புளைச் சுற்றி ஒரு வட்டம் போடும். காய்ச்சல் இருக்காது, வாந்தி இருக்காது, வயிற்றாலே போகாது. நான் ஒரு சிரப் கொடுப்பேன், போன தடவை பூச்சி மாத்திரை கொடுத்து மாசக்கணக்கு ஆகியிருந்தால் அதையும் கொடுப்பேன். பத்து மணிக்கெல்லாம் அதே பிள்ளை தெருவில் சைக்கிள் டயர் உருட்டிக்கொண்டிருக்கும். மருந்து வேலை செய்துவிட்டது என்று எனக்குப் பெருமை வேறு.

மே மாதத்தில் இந்த வலி வராது. ஜூனில் வரிசை கட்டும். பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் என்பதால்தான் என்று நினைத்திருந்தேன். மலையில் ஏலக்காய் எடுப்பு சூடு பிடிப்பதும் அதே பருவத்தில்தான் என்பதைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. இத்தனைக்கும் நானே அப்படி வளர்ந்தவன்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கூடலூர், கம்பம், போடி, இந்தப் பக்கத்துப் பெண்களில் ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் போய் வருகிறார்கள். குமுளிப் பாதையில், கம்பம்மெட்டுப் பாதையில், போடிமெட்டுப் பாதையில். அங்கே கூலி இங்கேயைவிடக் கூடுதல். ஏலச் செடியின் காய் தரையை ஒட்டிய சரத்தில் காய்க்கும். குனிந்தும் உட்கார்ந்தும் நகர்ந்தும் எடுக்க வேண்டும். ஒரு தரம் எடுத்த செடிக்கு ஒன்றரை மாசம்போல விட்டு மறுபடி வர வேண்டும். தை மாசி வரைக்கும் இது ஓடும். நாலு மணிக்கு எழுந்து சோறாக்கி, தூக்குவாளியில் போட்டுக்கொண்டு ஐந்து மணிக்கு முன்னால் தெருமுனைக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் ஜீப் நிற்காது. கங்காணி அடுத்த ஆளை ஏற்றிவிடுவார். திரும்பி வர மாலை ஆறு ஆகும், மழையென்றால் ஏழு. அவ்வளவு நேரமும் பிள்ளை கிழவியோடு, அல்லது தானே.

என் அம்மா அப்படிப் போனவள்தான். நான் எழுந்தால் அழுவேன் என்று சத்தமில்லாமல் கிளம்பிவிடுவாள். விடிந்து பார்த்தால் பாய் காலியாக இருக்கும். அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ராத்திரியே அவளுடைய தூக்குவாளியை எடுத்து, இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு படுத்துவிடுவேன். வாளி இல்லாமல் எப்படிப் போவாள்? கொஞ்ச நாள் பலித்தது. வாளியை உருவும்போது விழித்துக்கொள்வேன், அழுவேன், அடி வாங்குவேன், ஆனால் அவள் போவதைப் பார்த்துவிடுவேன். ஒருநாள் விழித்தபோது வெளிச்சம் வந்திருந்தது. வாளி என் காலுக்கிடையில் இருந்தது. அம்மா இல்லை. வெறுங்கையோடு போயிருக்கிறாள். அன்று முழுக்க அவள் என்ன சாப்பிட்டாளோ. அன்றைக்கு எனக்கு வந்த வயிற்று வலியை இன்றும் தொட்டுக் காட்டுவேன், தொப்புளைச் சுற்றித்தான். தொக்கம் எடுக்கிற பாட்டியிடம் தூக்கிப் போனார்கள். தொண்டையிலிருந்து ஏதோ எடுத்ததாகக் காட்டினாள். ரெண்டு நாளில் சரியாகிவிட்டது என்று வீட்டில் சொல்லிக்கொண்டார்கள்.

இதையெல்லாம் மறந்துவிட்டுத்தான் கடையில் உட்கார்ந்து சிரப் விற்றுக்கொண்டிருந்தேன்.

மூன்று வருஷம் முந்தி ஒரு பெண் குழந்தை, ஏழு வயசு, இரண்டாம் வகுப்பு. அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். அப்பா லாரி டிரைவர், மாசத்துக்கு ரெண்டு தடவை வருவார். அம்மா வண்டன்மேட்டுப் பக்கம் காயெடுக்கப் போகிறாள். அம்மாச்சிதான் கூட்டிக்கொண்டு வந்தது. மூன்றாவது தடவை வந்தபோது அந்தக் கிழவி என்னிடம், "இது வயித்து வலி இல்ல தம்பி, பிள்ள ஏங்கிப் போச்சு" என்றது. நான் சிரித்துக்கொண்டே பூச்சி மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்தேன்.

ஏங்கிப் போச்சு. ஏக்கக் காய்ச்சல் என்று ஒரு சொல்லே எங்கள் பக்கம் உண்டு. அம்மா ஊருக்குப் போனால் பிள்ளைக்கு வருகிற காய்ச்சல். தம்பி பிறந்ததும் மூத்தது இளைத்துப்போவதற்கும் அதைத்தான் சொல்வார்கள். என்ன மருத்துவம் படித்தாலும் இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. ஆனால் சொல்லிவிட்டு என்ன செய்கிறோம்? "சின்னப் பிள்ளைக்கு என்ன கவலை, கடனா கஞ்சியா" என்று அடுத்த வாக்கியத்திலேயே அதைத் தள்ளிவிடுகிறோம். ஏக்கம் என்பது நோயாகக் கணக்கில் வராது. வயிற்று வலி வரும். வயிறு வலித்தால் பள்ளிக்கூடம் இல்லை, அம்மாச்சி பக்கத்தில் உட்காரும், கடைக்காரன் மாமா மருந்து தருவான், சில நாள் அம்மாவே மலைக்குப் போகாமல் நின்றுவிடுவாள். பிள்ளை கணக்குப் போட்டு இதைச் செய்யவில்லை. வலி உண்மையிலேயே வலிக்கிறது. மனசு கலங்கினால் குடல் முறுக்குவது பெரியவர்களுக்கே உண்டு. பரீட்சைக்கும் பெண் பார்க்கவும் போனவர்களைக் கேட்டால் தெரியும்.

அந்தப் பிள்ளை ஒருநாள் பள்ளிக்கூடத்தில் காலை வணக்கத்தின்போது மயங்கி விழுந்தது. பயந்துபோய் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ரத்தம், ஸ்கேன், எல்லாம் எடுத்தார்கள். காயெடுத்த ஒரு வாரக் கூலிக்கு மேலே போனது. எல்லாம் சரியாக இருந்தது. அந்த டாக்டர், பிள்ளை காதுபடவே, "ஒண்ணும் இல்லம்மா, நடிக்கிறா, ரெண்டு போடு போட்டு அனுப்புங்க" என்றாராம்.

அதற்கப்புறம் பிள்ளை வயிற்று வலி என்று சொல்வதை நிறுத்திவிட்டது. குணமாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்தோம், நானும்தான். ஒரு மாசம் கழித்து அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்தாள். கூட்டம் போகட்டும் என்று ஓரமாக நின்றாள். பிள்ளை மறுபடி பாயில் ஒண்ணுக்குப் போகிறது, ராத்திரி தூங்குவதே இல்லை, சட்டைக் காலரைக் கடித்தே கிழித்துவிட்டது. பள்ளிவாசலில் ஓதி ஊதியாச்சு, தாயத்து கட்டியாச்சு. "என்னண்ணே பண்றது?"

பள்ளிவாசல் வாசலில் சாயங்காலத் தொழுகை முடிகிற நேரம் எல்லாச் சாதி அம்மாக்களும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்பது எங்கள் பள்ளத்தாக்கில் தினசரிக் காட்சி. அதை நான் கேலி செய்யமாட்டேன். ஒரு பெரியவர் அந்தப் பிள்ளையின் தலையில் கைவைத்து ஒரு நிமிஷம் நிற்கிறார். அந்த ஒரு நிமிஷம்கூட ஸ்கேன் சென்டரில் கிடைக்காது. அது போதாது, அவ்வளவுதான்.

அரசு ஆஸ்பத்திரிச் சுவரில் மனநல மருத்துவர் வருகிற நாள் என்று ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது ஞாபகம் வந்தது. மாவட்ட மனநலத் திட்டத்தில் இப்படி வருகிறார்கள். தேசிய மனநலத் திட்டம் 1982-லேயே வந்தது, அதை மாவட்டங்களுக்குக் கொண்டுபோகிற திட்டம் 1996-ல். நாற்பது வருஷத்துக் கதை. ஆனால் மருந்துக்கடைக்காரனான எனக்கே அந்த அறிவிப்பு பைத்தியத்துக்கானது என்றுதான் மனசில் பதிந்திருந்தது. ஏழு வயசுப் பிள்ளைக்கு அங்கே வேலை இருக்கும் என்று நினைக்கவில்லை. அம்மாவிடம் சொன்னபோது அவள் முகம் மாறியது. "எம் பிள்ள லூசு இல்லண்ணே" என்றாள். சமாதானப்படுத்த இரண்டு வாரம் ஆனது. அதைவிடப் பெரிய தடை, அது எடுப்புக் காலம். ஒருநாள் நின்றால் ஒருநாள் கூலி போகும், ரெண்டு நாள் நின்றால் ஜீப்பில் இடமே போகும். கடைசியில் நானும் கூடப் போனேன்.

டாக்டரம்மாவுக்கு முப்பது வயசுக்குள்தான் இருக்கும். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை, அதில் குழந்தைகளுக்கென்றே படித்தவர்கள் இன்னும் சொற்பம். அவர் பிள்ளையிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்கவில்லை. "எத்தனை மணிக்கு வலிக்கும்?" என்று கேட்டார்.

"ஜீப்பு ஆரன் அடிக்கிறப்ப."

இத்தனை மாசத்தில் எங்களில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

அப்புறம் மெதுவாக வந்தது. அதற்கு முந்தின வருஷம் மலைப்பாதையில் ஒரு ஜீப் சாய்ந்து, பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கை ஒடிந்திருக்கிறது. பெரியவர்கள் திண்ணையில் அதைப் பேசிப் பேசித் தீர்த்தார்கள், உள்ளே பாயில் பிள்ளை கேட்டுக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து ராத்திரி, "நாளைக்கு மலைக்குப் போவியா?" என்று கேட்கும். அம்மா, "போகல, நீ தூங்கு" என்பாள். அப்படிச் சொன்னால்தான் தூங்கும். விடிந்தால் அம்மா இருக்கமாட்டாள். அதனால் பிள்ளை தூங்குவதையே நிறுத்திவிட்டது. தூங்கினால்தானே போவாள்.

டாக்டரம்மா மாத்திரை எதுவும் எழுதவில்லை. அம்மாவிடம் சொன்னது இதுதான்: பொய் சொல்லாதே. போகிறேன் என்று ராத்திரியே சொல். காலையில் கிளம்பும்போது எழுப்பிச் சொல்லிவிட்டுப் போ. அழட்டும், பரவாயில்லை. எத்தனை மணிக்கு வருவாய் என்று சொல், மழையென்றால் தாமதமாகும் என்பதையும் சொல். வயிறு வலித்தாலும் பள்ளிக்கூடம் அனுப்பு. நடிக்கிறாய் என்று யாரும் சொல்லக்கூடாது, வலி நிஜம்தான், ஆனால் வலியோடு போகலாம். பள்ளிக்கூடத்தில் வலித்தால் வீட்டுக்கு அனுப்பாமல் பத்து நிமிஷம் டீச்சர் பக்கத்தில் உட்காரவைக்கட்டும். என்னைப் பார்த்து, இனி சிரப் கொடுக்காதீர்கள் என்றார். ராத்திரித் தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, எடை குறைவது, வாந்தி, மலத்தில் ரத்தம், தொப்புளை விட்டு விலகி ஒரு பக்கமாக வலிப்பது, இவை இருந்தால் மட்டும் உடனே குழந்தை மருத்துவரிடம் அனுப்பச் சொன்னார். அந்தப் பட்டியலைக் கல்லாப்பெட்டி மூடிக்குள் ஒட்டிவைத்திருக்கிறேன்.

நாலரை மணிக்குத் தூங்குகிற பிள்ளையை எழுப்பி, போய்வருகிறேன் என்று சொல்வதா? தெருவே சிரித்தது. முதல் வாரம் அழுகை தெருமுனை வரை கேட்டது. கங்காணி திட்டினார். அம்மாச்சிக்கே பொறுக்கவில்லை. மூன்றாவது வாரத்தில் அழுகை சிணுங்கலானது. காலைச் சிற்றுண்டித் திட்டமும் ஒருவிதத்தில் உதவியது. 2022-ல் சில ஊர்களில் தொடங்கி 2023-ல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்ததே, அது. சத்துணவில் ஒரு வேளை ஏற்கெனவே உண்டு. ஆனால் இந்தப் பிள்ளைகளுக்குக் கனமான நேரம் காலை ஐந்திலிருந்து ஒன்பது வரைதான். எட்டு மணிக்கே போவதற்கு ஒரு இடமும், உப்புமாவோ பொங்கலோ போடுகிற ஒரு அக்காவும் கிடைத்தார்கள். திட்டம் போட்டவர்கள் வயிற்றை நினைத்துத்தான் போட்டிருப்பார்கள்.

வயிறு வலிக்காத பிள்ளைகளும் உண்டு; அவர்கள் கதை இன்னும் தாமதமாக வெளியே வரும். என் தங்கை மகனைச் சொல்லலாம், அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். தங்கையும் மச்சானும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார்கள். 2020 ஊரடங்கில் வேலை போய், கேரளத்து வண்டிப்பெரியாறில் மச்சானின் அம்மா வேலை பார்த்த தேயிலைத் தோட்ட லயத்துக்கே, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டுக்கே, திரும்பினார்கள். 2021 நவம்பர் 1-ம் தேதி கேரளாவில் பள்ளிக்கூடம் திறந்தபோது மருமகனுக்கு ஆறு வயசு. வீட்டில் வாய் ஓயாது. பள்ளிக்கூடத்தில் ஐந்து மாசம் ஒரு வார்த்தை பேசவில்லை. காது கேட்கிறதா என்று சோதித்தார்கள், கேட்டது. திமிர் என்றார்கள். பிறகு ஒரு கவுன்சிலர் வந்தார், நல்ல மனுஷி, கன்னத்தைத் தடவி, "மோனே, எந்தெங்கிலும் விஷமம் உண்டோ?" என்று கேட்டிருக்கிறார்.

மலையாளத்தில் விஷமம் என்றால் மனக்கஷ்டம். நமக்கு விஷமம் என்றால் குறும்பு. நீ விஷமம் பண்ணுவாயா என்று கேட்கிறார் என்று நினைத்து இவன் பயந்துபோய்த் தலையை ஆட்டி இல்லை என்றிருக்கிறான். பிள்ளைக்கு மனக்கஷ்டம் ஏதும் இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். இதை நினைத்து நாங்கள் இப்போது சிரிக்கிறோம். ஆனால் எல்லையோரத்தில் எத்தனை பிள்ளைகளின் தாள்களில் இப்படி எழுதியிருக்குமோ. மூணாறிலிருந்து பீர்மேடு வரை லயங்களில் வளர்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்கு வீட்டு மொழி ஒன்று, வகுப்பு மொழி ஒன்று, ஆஸ்பத்திரி மொழி ஒன்று. பசியையும் காய்ச்சலையும் எந்த மொழியிலும் காட்டிவிடலாம். இதை அப்படிக் காட்ட முடியாது.

அவனுக்கு வந்ததற்கு டாக்டர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். சில இடங்களில் மட்டும் பேச்சு வராமல் போவது. புது மொழிக்குள் திடீரென்று போடப்பட்ட பிள்ளைகளிடம் கூடுதலாகப் பார்க்கிறார்கள். "பேசமாட்டேன் என்கிறான் இல்லை, பேச வரவில்லை" என்று தேனிப் பக்கம் பார்த்த மருத்துவர் விளக்கினார். வைத்தியம் விநோதமானது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு காலி வகுப்பறையில் தங்கை அவனோடு உட்கார்ந்து கதை பேச வேண்டும். சில நாள் கழித்து அவனுக்குப் பிடித்த ஒரு கூட்டாளியும் உட்காருவான். அப்புறம் டீச்சர் வாசலில் நிற்பார், பிறகு கடைசி பெஞ்சு, பிறகு பக்கத்தில். யாரும் அவனைப் பேசச் சொல்லக்கூடாது. அந்த டீச்சருக்குக் கோயில் கட்டலாம். ஐம்பது பிள்ளைகள் போன பிறகு ஒரு பிள்ளைக்காக தினமும் கால்மணி நேரம் நின்றார். வகுப்பில் அவன் சொன்ன முதல் வார்த்தை "வெள்ளம்". தண்ணீர் கேட்டிருக்கிறான், சுத்தமான மலையாளத்தில். தங்கை போனில் அதைச் சொல்லி அழுதாள்.

அந்த லயத்துப் பிள்ளைகளுக்கு மழையும் ஒரு விஷயம். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறுக்கு அந்தப் பக்கம் பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களோடு 70 பேர் போனார்கள், பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள், அவர்களில் எத்தனையோ பிள்ளைகள். வண்டிப்பெரியாறு அங்கிருந்து வெகுதூரம். ஆனாலும் அந்த வருஷம் மழை கனத்த ராத்திரிகளில் தங்கை இருந்த வரிசையில் பிள்ளைகள் செருப்போடு படுத்திருக்கிறார்கள். ஓடுவதற்குத் தயாராக. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பெங்களூரு மனநல மருத்துவ நிறுவனமான நிமான்ஸ் 2015-16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்வு 13 முதல் 17 வயதுள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொன்னது. நாற்பது பேர் வகுப்பில் மூன்று பேர். என் கடைக்கு வருகிற ஏழு, எட்டு வயசுப் பிள்ளைகள் அந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை. வாழ்நாள் மனநோய்களில் பாதி 14 வயசுக்குள் தொடங்கிவிடுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படியானால் கணக்கை எங்கிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும்?

14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, கடை முகப்பில் எழுதி வைத்திருக்கிறேன். இலவசம், தமிழில் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம். பெரியவர்கள் சிலர் குறித்துக்கொண்டு போகிறார்கள். ஆனால் பிள்ளை கையில் போன் எங்கே இருக்கிறது? அம்மாவின் போன் மலையில், அங்கே டவர் கிடைத்தால் உண்டு. அம்மாச்சியிடம் இருப்பதில் பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும்தான் அவருக்குத் தெரியும்.

ஞாபகசக்திக்கு என்று ஒரு டானிக் விற்கிறேன், இன்னும் விற்கிறேன். பரீட்சை மாசத்தில் நன்றாகப் போகும். லாபமும் அதில்தான். ஷெல்பிலிருந்து எடுத்துவிட்டேன் என்று எழுத ஆசைதான், எடுக்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை வயிற்று வலிக்குச் சிரப் கொடுப்பதை விட்டுவிட்டேன். எத்தனை மணிக்கு வலிக்கும் என்று கேட்கிறேன். சில பிள்ளைகள் ஜீப் என்கிறார்கள். ஒரு பையன், அப்பா கேட் திறக்கும்போது என்றான். அதற்கு என்ன செய்வதென்று எனக்கு அன்று முழுக்கப் புரியவில்லை. அவனுடைய வகுப்பு டீச்சரிடம் சொன்னேன். குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிட்டதும் நடந்தது. அது வேறு கதை, எழுத என்னால் ஆகாது.

அந்தப் பெண் பிள்ளை இப்போது ஐந்தாம் வகுப்பு. ஐப்பசி மழையில் ஒருநாள் ஜீப் ராத்திரி எட்டு மணிவரை வரவில்லை. அன்றைக்கு மறுபடி வலி வந்து ஒரு வாரம் இருந்தது. போன ஜூனில் அவள் அம்மா கடைக்கு வந்தாள். எடுப்புக்குப் போய்வந்த சேலையோடு, கையெல்லாம் ஏலக் கறை. மருந்து கேட்கவில்லை.

"அந்த டாக்டரம்மா இந்த மாசம் என்னைக்கு வருதுண்ணே? முந்தியே தெரிஞ்சா கங்காணிகிட்டச் சொல்லிருவேன்."

அந்த டாக்டரம்மா மாறிப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன். வேறு யாராவது வருகிறார்களா என்று தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சுவரைப் பார்த்தேன். அறிவிப்பின் மேல் கொசு ஒழிப்பு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்தேன், கிழமை தெரிந்தது, வாரம் தெரியவில்லை. உள்ளே போய் நர்சம்மாவிடம் கேட்டேன்.